பத்திரத்துலயும் ரெண்டு பேர், லோன்லயும் ரெண்டு பேர்: பிரிஞ்சதுக்கு அப்புறம் வீட்டுக்கடனை என்ன பண்றது?

வாசகி ஒருத்தர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. அடையாளம் தெரியற விஷயத்தை எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

அவங்களுக்கு 36 வயசு, சென்னையில ஐடி வேலை, கையில 78,000 சம்பளம் வருது. கணவருக்கு 95,000. ரெண்டாவது படிக்கற ஒரு பொண்ணு. 2019ல மேடவாக்கம் பக்கம் ரெண்டு பேர் பேர்லயும் 68 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கி அந்த வருஷமே குடி போயிட்டாங்க. கையில இருந்து போட்டது 16 லட்சம், அதுல நகை வித்ததும் சேமிப்புமா இவங்க போட்டது 9, அவர் போட்டது 7. மீதி 52 லட்சம் ஜாயின்ட் ஹோம் லோன், 20 வருஷம், மாசம் 46,000 இ.எம்.ஐ. இன்னும் 44 லட்சம் பாக்கி நிக்குது. பதினாலு மாசத்துக்கு முன்னாடி கணவர் வீட்டை விட்டுப் போயிட்டார். ஆரம்பத்துல பாதி இ.எம்.ஐ., 23,000, அனுப்பிட்டு இருந்தவர் கடைசி அஞ்சு மாசமா "நீதானே அங்க குடியிருக்க, நீயே கட்டு"ன்னு நிறுத்திட்டார். இவங்க ஸ்கூல் ஃபீஸையும் சமாளிச்சுக்கிட்டு முழுசா கட்டிட்டு வர்றாங்க. இப்போ ரெண்டு பேருமே மியூச்சுவல் டைவர்ஸுக்கு தயார். ஆனா கணவர் வாட்ஸ்அப்ல ஒரு விடுதலைப் பத்திர டிராஃப்ட் அனுப்பி, "உன் பாதியை எழுதிக் குடுத்துடு, லோனை நான் பாத்துக்கறேன், உனக்கு எந்த பாரமும் இல்ல"ன்னு சொல்லியிருக்கார். வர்ற ஞாயித்துக்கிழமை பெரியவங்க உட்கார்ந்து பேசப் போறாங்களாம். கையெழுத்து போடலாமா, இல்ல இ.எம்.ஐ. கட்டறதை நிறுத்தினா அவர் வழிக்கு வருவாரா, டைவர்ஸ் ஆனா கோர்ட்டே லோனை ரெண்டா பிரிச்சுடும்னு தோழி சொல்றாங்களே அது நிஜமா, இதெல்லாம்தான் அவங்க கேள்வி.

இனி உங்ககிட்ட நேரா பேசறேன். முதல்ல, அஞ்சு மாசம் ஒத்த சம்பளத்துல ஒரு தவணை கூட தவறாம கட்டியிருக்கீங்களே, அது சாதாரண விஷயம் இல்ல. அது ஏன் இவ்வளவு முக்கியம்னு கீழ சொல்றேன். ரெண்டாவது, அந்த டிராஃப்ட்ல கையெழுத்து போடாதீங்க. இப்போ இருக்கற வடிவத்துல கண்டிப்பா போடாதீங்க.

பத்திரம் வேற, லோன் வேற

உங்க பேர் ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவான கிரயப் பத்திரத்துல, அது சொத்து யாரோடதுன்னு சொல்லுது. இன்னொண்ணு பேங்க்ல நீங்க கையெழுத்து போட்ட லோன் அக்ரிமென்ட்ல, அது கடன் யாரோடதுன்னு சொல்லுது. ஒண்ணுல மாத்தினா இன்னொண்ணு தானா மாறாது. பிரிஞ்சு போற தம்பதிகள் அதிகமா அடிபடறது இந்த ஒரே இடத்துலதான், நான் குடும்ப கோர்ட்ல திரும்பத் திரும்ப பாக்கறதும் இதுதான்.

லோன்ல "பாதி உங்களுது, பாதி அவருது"ன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நீங்க 23,000 அவர் 23,000ன்னு போட்டுக்கிட்டது உங்களுக்குள்ள பேசிக்கிட்ட ஏற்பாடு. பேங்கைப் பொறுத்தவரைக்கும் 44 லட்சத்துக்கும் நீங்க முழுப் பொறுப்பு, அதே 44 லட்சத்துக்கும் அவரும் முழுப் பொறுப்பு. 1872ம் வருஷ ஒப்பந்தச் சட்டம் 43வது பிரிவு இதைத்தான் சொல்லுது, ரெண்டு பேர் சேர்ந்து குடுத்த வாக்குறுதியை அதுல யாரு ஒருத்தர்கிட்ட வேணாலும் முழுசா கேக்கலாம்னு. அதே பிரிவு உங்களுக்கு சாதகமாவும் ஒண்ணு சொல்லுது: முழுசா கட்டினவர் மத்தவரோட பங்கை அவர்கிட்ட இருந்து கேட்டு வாங்கலாம். அஞ்சு மாசத்துக்கு 1,15,000 ரூபாய் அவர் உங்களுக்குத் தர வேண்டியது. அதைக் கேக்கறதுக்கு 3 வருஷ காலவரம்பு உண்டு, அதனால அசட்டையா விட்டுடாதீங்க.

டைவர்ஸ் தீர்ப்பு லோனைப் பிரிக்கும்னு உங்க தோழி சொன்னது சரியில்லை. டைவர்ஸ் கேஸ்ல பேங்க் ஒரு பார்ட்டியே கிடையாது. "இனிமே லோனை கணவர் கட்டணும்"னு கோர்ட் உத்தரவுலயே எழுதியிருந்தாலும் அது உங்க ரெண்டு பேருக்குள்ளதான் செல்லும், அவர் கட்டலைன்னா பேங்க் உங்க கதவைத்தான் தட்டும், தீர்ப்பு நகலைக் காட்டினா "மேடம், நீங்க கோ-அப்ளிகன்ட்"னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. அதே மாதிரி, கல்யாணத்துக்கு அப்புறம் சேர்த்த சொத்து எல்லாம் டைவர்ஸ்ல பாதிப் பாதின்னு வெளிநாட்டுக் கதையை வச்சு நிறைய பேர் நினைக்கறாங்க, இந்து திருமணச் சட்டத்துல அப்படி ஒரு விதி இல்ல. நம்ம ஊர்ல பத்திரத்துல யார் பேர் இருக்கு, யார் பணம் போட்டாங்க, அதுதான் கணக்கு.

கட்டறதை நிறுத்தினா அவர் வழிக்கு வருவாரா?

உங்க கோபம் எனக்குப் புரியுது, ஆனா இந்த ஆயுதம் ரெண்டு பேர் மேலயும் ஒரே நேரத்துல விழும். ஒரு தவணை தள்ளிப்போனாலே ரெண்டு பேர் சிபில்லயும், அதாவது கடனை ஒழுங்கா கட்டறாங்களான்னு பேங்குங்க பாக்கற பதிவுலயும், ஏறிடும். 90 நாள் தாண்டினா கணக்கை வாராக்கடன்னு போட்டுடுவாங்க. அப்புறம் 2002ம் வருஷ சர்ஃபாசி சட்டத்துல 60 நாள் நோட்டீஸ், அதுக்கும் கட்டலைன்னா வீட்டை எடுத்துக்கற நடவடிக்கை, ஏலம். இதுக்கு எல்லாம் பேங்க் சிவில் கோர்ட்டுக்கே போக வேண்டாம். கடன் வசூல் தீர்ப்பாயத்துல 45 நாளுக்குள்ள நீங்க முறையிடலாம்தான், ஆனா அந்த நிலைமைக்குப் போன வீட்டுக்கு ஏலத்துல மார்க்கெட் விலை கிடைக்கும்னு எதிர்பார்க்க முடியாது, போற பணம் உங்க நகையை வித்த பணமும் சேர்ந்துதான்.

இன்னொரு விஷயம் யோசிங்க. நாளைக்கு இந்த வீட்டை நீங்களே எடுத்துக்கணும்னு முடிவு பண்ணினா, இதே பேங்கோ வேற பேங்கோ உங்க ஒருத்தர் பேர்ல லோன் குடுக்கணும். அப்போ அவங்க முதல்ல பாக்கப் போறது இந்த அஞ்சு மாச ஸ்டேட்மென்ட்டைத்தான். ஒத்த ஆளா ஒரு பவுன்ஸ் கூட இல்லாம கட்டியிருக்காங்கங்கறது உங்க கையில இருக்கற நல்ல சீட்டு, அதை நீங்களே கிழிச்சுப் போடாதீங்க.

கட்ட முடியாத மாசம் வந்தா பேசாம விட்டுடாம பேங்க் கிளைக்கு முன்கூட்டியே எழுத்துல சொல்லுங்க. கணவர் பங்கு தரலைங்கறதை ஜீவனாம்ச மனுவிலயும் சொல்லலாம். 2020ல ரஜ்னேஷ் - நேஹா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னபடி ரெண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா தாக்கல் பண்ணணும். அதுல இந்த லோனையும் நீங்க ஒத்தையா கட்டற கணக்கையும் விடாம எழுதுங்க.

"நான்தான் கட்டறேன், அப்போ வீடு எனக்குத்தானே?"

கடிதத்துல இதை ரெண்டு தடவை எழுதியிருக்கீங்க. இல்லைமா. இ.எம்.ஐ. கட்டறதால பத்திரத்துல இருக்கற அவர் பங்கு உங்களுக்கு வந்துடாது. கட்டின பணத்துக்கு கணக்கு கேக்கற உரிமை வரும், அவ்வளவுதான்.

உங்க கிரயப் பத்திரத்துல வாங்குபவர்கள்னு ரெண்டு பேர் பேர் மட்டும் இருக்கு, யாருக்கு எத்தனை பங்குன்னு எழுதலைன்னு சொல்லியிருக்கீங்க. சொத்து மாற்றுச் சட்டம் 45வது பிரிவுப்படி, அவங்கவங்க தனிப் பணம் எவ்வளவு போட்டாங்கன்னு ஆதாரம் இருந்தா அந்த விகிதத்துல பங்கு, ஆதாரம் இல்லைன்னா சமபங்குன்னு எடுத்துப்பாங்க. அதனாலதான் நகை வித்த ரசீது, அந்தப் பணம் உங்க அக்கவுன்ட்ல ஏறின தேதி, அங்க இருந்து பில்டருக்குப் போன செக், இந்த மூணும் ஒரே சங்கிலியா இருக்கணும். நகைக்கடை ரசீது கிடைக்கலைன்னு எழுதியிருக்கீங்க. பழைய பேங்க் ஸ்டேட்மென்ட் கிளையில கேட்டா எடுத்துத் தருவாங்க, சில சமயம் கட்டணம் வாங்குவாங்க, பரவாயில்ல கட்டி வாங்குங்க.

வீட்டை விட்டு அம்மா வீட்டுக்குப் போனா உரிமை போயிடும்ங்கற பயமும் வேண்டாம், பத்திரத்துல பேர் இருக்கற வரைக்கும் எங்க இருந்தாலும் உரிமை உரிமைதான். ஆனா குழந்தையோட அங்கயே இருக்கீங்க, ஸ்கூலும் பக்கம், அவசரப்பட்டு கிளம்பவும் வேண்டாம். அவர் மிரட்டி வெளிய போகச் சொன்னாலோ, உங்களைக் கேக்காம வீட்டை விக்கவோ அடமானம் வைக்கவோ முயற்சி பண்ணினாலோ, 2005ம் வருஷ குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்துல குடியிருப்பு உத்தரவும் தடை உத்தரவும் மாஜிஸ்திரேட்கிட்ட கேக்கலாம். தேவைப்பட்டாதான், இப்போதைக்கு உங்க கடிதத்துல அப்படி எதுவும் இல்ல.

இதைச் சேர்ந்தே ஒண்ணு சொல்லிடறேன், யாரும் யோசிக்காத விஷயம். ஜாயின்ட்டா வாங்கினதால ஒருத்தர் இறந்துட்டா மத்தவருக்கு முழு வீடும் வந்துடும்னு நினைக்கறாங்க. வராது. டைவர்ஸுக்கு அப்புறம் அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உயில் இல்லாத பட்சத்துல அவர் பாதி உங்க பொண்ணுக்கும் அவர் அம்மாவுக்கும் போகும், மறுபடி கல்யாணம் பண்ணியிருந்தா அந்த மனைவிக்கும் பிள்ளைங்களுக்கும் சேர்த்து. உங்களுக்கு இல்ல. கடன் மட்டும் உங்க தலையில முழுசா நிக்கும். பத்திரத்தை அப்படியே ஜாயின்ட்டா விட்டுட்டு டைவர்ஸ் வாங்கறது எவ்வளவு சிக்கல்னு இதுலயே தெரியும்.

அந்த விடுதலைப் பத்திர டிராஃப்ட்

நீங்க அனுப்பின போட்டோவை வரி வரியா படிச்சேன். ரெண்டாவது பக்கத்துல, "மேற்படி சொத்தில் எனக்குள்ள பிரிபடாத பாதி பாகத்தை பிரதிபிரயோஜனம் ஏதுமின்றி விடுதலை செய்து கொடுக்கிறேன், இனி மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு உரிமையும் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை"ன்னு இருக்கு. அதாவது பதிலுக்கு ஒரு பைசா வாங்காம எழுதிக் குடுக்கறீங்கன்னு அர்த்தம். மூணு பக்கத்துலயும் லோன் அக்கவுன்ட் நம்பர் இல்ல, பேங்க் பேர் இல்ல, பாக்கி எவ்வளவுன்னு இல்ல, அந்தக் கடனை இனி யாரு அடைக்கணும்னு ஒரு வார்த்தை இல்ல.

இதுல கையெழுத்து போட்டுப் பதிவு ஆயிடுச்சுன்னா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. வீட்டுல உங்களுக்கு ஒரு செங்கல் கூட சொந்தம் இல்ல. ஆனா 44 லட்சம் கடனுக்கு நீங்க இன்னமும் முழுப் பொறுப்பு, இன்னும் 14 வருஷத்துக்கு. "நான் பாத்துக்கறேன்"னு அவர் சொன்னது வாய்வார்த்தை. அவர் நல்ல மனசோடவே சொல்லியிருக்கலாம், நான் அவரைத் தப்பா பேசலை, ஆனா வேலை போகலாம், மறு கல்யாணம் ஆகலாம், அவருக்கே ஏதாவது ஆகலாம். நீங்க நாளைக்கு சின்னதா ஒரு வீடு வாங்கலாம்னு பேங்குக்குப் போனா சிபில்ல இந்த 46,000 இ.எம்.ஐ. உங்க பேர்ல நிக்கும், புது லோன் கிடைக்கறதே கஷ்டம். இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர்ல நோட்டரி கையெழுத்தோட "கடன் என்னுது"ன்னு எழுதி வாங்கிக்கறேன்னு கேட்டிருக்கீங்க, அதை வச்சு அவர்மேல பிற்பாடு கேஸ் போடலாமே தவிர பேங்க்கை தடுக்க முடியாது.

அதுவும் போக, அடமானத்துல இருக்கற சொத்தை பேங்க் சம்மதம் இல்லாம பேர் மாத்தக்கூடாதுன்னு லோன் அக்ரிமென்ட்லயே பொதுவா இருக்கும், எடுத்துப் பாருங்க. அதனால இதை மனசுல எழுதி வச்சுக்கோங்க: லோன்ல இருந்து உங்க பேர் போற அன்னிக்குத்தான் பத்திரத்துல இருந்தும் உங்க பேர் போகணும். ரெண்டும் ஒரே நாள், முடிஞ்சா ஒரே மேசை. முன்ன பின்ன வேண்டாம். அவர் பங்கை நீங்க வாங்கறதா இருந்தாலும் அவருக்கும் இதே நியாயம்தான், அவரையும் கடன்ல தொங்க விடக்கூடாது.

உங்க முன்னாடி இருக்கற வழிகள்

*வித்துட்டு பிரிச்சுக்கறது.* இதுதான் சுத்தமான வழி. இப்போ 85 லட்சம் போகும்னு எழுதியிருக்கீங்க. லோன் 44 போனா 41 மிஞ்சும், புரோக்கர் கமிஷன் சில்லறை செலவு தனி. போட்ட பணத்தை முதல்ல எடுத்துக்கிட்டா உங்களுக்கு 9, அவருக்கு 7, மீதி 25ஐ பாதி பண்ணினா ஆளுக்கு பன்னெண்டரை. அப்போ உங்களுக்கு இருபத்தொண்ணரை, அவருக்கு பத்தொன்பதரை, அதுல அஞ்சு மாச பாக்கி 1,15,000ஐ அவர் பக்கம் கழிச்சுக்கலாம். இது நான் நியாயம்னு நினைக்கற கணக்கு. அவர் பக்கம் வேற கணக்கு வரும், வாடகை குடுக்காம நீங்க குடியிருந்தீங்கன்னு கண்டிப்பா சொல்வாங்க. குடியிருக்கறது அவர் பொண்ணும்தான்னு அமைதியா சொல்லுங்க. ஃப்ளோட்டிங் வட்டி (அப்பப்போ ஏறி இறங்கற வட்டி) ஹோம் லோனா இருந்தா முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது, ரிசர்வ் பேங்க் விதி. வரியைப் பத்தி ரொம்ப பயப்படாதீங்க, 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கின வீடுங்கறதால இண்டெக்ஸேஷன் (வாங்கின விலையை விலைவாசிக்கு ஏத்த மாதிரி கூட்டிக் கணக்கு போடறது) இல்லாம 12.5 சதவீதமா, இண்டெக்ஸேஷனோட 20 சதவீதமா, எது குறைவோ அந்த அளவுக்குத்தான் வரி, உங்க விலைக்கு இண்டெக்ஸேஷன் போட்டா வரியே வராம போக வாய்ப்பு இருக்கு, ஒரு ஆடிட்டர்கிட்ட காட்டிடுங்க. வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிஞ்சு 5 வருஷத்துக்குள்ள வித்தா ஏற்கெனவே எடுத்த அசல் வரிச்சலுகை திரும்பிடும், உங்களுக்கு அந்தக் காலம் முடிஞ்சிடுச்சு.

*நீங்களே வீட்டை எடுத்துக்கறது.* பொண்ணு ஸ்கூல் மாறக்கூடாதுன்னு எழுதின வரியைப் படிச்சப்போ உங்க மனசு இங்கதான் இருக்குன்னு தெரிஞ்சுது. முடியுமான்னு கணக்கு பார்க்கலாம். கோ-அப்ளிகன்ட்டை நீக்கறது ஒரு ஃபார்ம் நிரப்பற வேலை இல்ல, பேங்க் உங்களை புது ஆளா வச்சு மறுபடி தகுதி பார்க்கும், ஒத்துக்கணும்னு அவங்களுக்குக் கட்டாயமும் இல்ல. சம்பளத்துல சுமார் பாதி வரைக்கும்தான் இ.எம்.ஐ.க்கு ஒத்துப்பாங்க, உங்க 78,000க்கு அது 39,000 பக்கம். இப்போ இருக்கற 46,000 தாண்டுது. ஆனா உங்களுக்கு 36 வயசுதான், 60 வரைக்கும் 24 வருஷம் தவணை கிடைச்சா, எட்டே கால் சதவீத வட்டியில 44 லட்சத்துக்கு மாசம் 35,000 சொச்சம்தான் வரும், அது உங்க தகுதிக்குள்ள அடங்கும். வட்டியா மொத்தத்துல நிறைய போகும், அது உண்மை, சம்பளம் ஏற ஏற அசலை முன்கூட்டி அடைச்சு சரி பண்ணிக்கலாம். இதே பேங்க் முடியாதுன்னா வேற பேங்குக்கு உங்க ஒருத்தர் பேர்ல பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் (பாக்கிக் கடனை அங்க மாத்திக்கறது) கேளுங்க. சம்பாதிக்கற அண்ணன் தம்பி யாராவது கோ-அப்ளிகன்ட்டா வர்றது கடைசி வழி, அவங்க சிபில்லயும் இது ஏறும்னு தெரிஞ்சு அவங்க ஒத்துக்கிட்டா மட்டும்.

அவர் பங்கு பதினெட்டு லட்சத்துச் சொச்சத்துக்கு எங்க போறதுன்னா, அதுக்குத்தான் நிரந்தர ஜீவனாம்சப் பேச்சு. உங்களுக்கு ஒரே தடவையா தர வேண்டிய தொகைக்கு பதிலா அவர் பங்கை முழுசாவோ பாதியாவோ விட்டுக்குடுக்கலாம், இப்படி முடியற கேஸ் நிறைய. ஒண்ணு மட்டும் கவனம், குழந்தையோட பராமரிப்புத் தொகையை இதுல சேர்த்து "இனி எதுவும் கேக்க மாட்டேன்"னு எழுதிக் குடுக்காதீங்க. அது உங்க பொண்ணோட உரிமை, அதை நீங்க விட்டுக்குடுக்க முடியாது, எழுதினாலும் கோர்ட் பிற்பாடு ஏத்துக்காது.

*அவர் எடுத்துக்கறது.* தாராளமா எடுத்துக்கட்டும், உங்க பங்குத் தொகை கைக்கு வந்து, லோன் அவர் ஒருத்தர் பேருக்கு மாறி, பேங்க் உங்களை விடுவிச்சு எழுத்துல கடிதம் குடுத்த அப்புறம். 95,000 சம்பளத்துக்கு அவருக்கு அது கஷ்டமும் இல்ல.

ஜாயின்ட்டாவே வச்சுக்கிட்டு வாடகைக்கு விட்டு இ.எம்.ஐ. கட்டலாம்னு உங்க அண்ணன் சொல்ற யோசனை எனக்குப் பிடிக்கலை. மாசா மாசம் பேச்சுவார்த்தை, ரிப்பேர் செலவுக்கு சண்டை, மேல சொன்ன வாரிசு சிக்கல். ஒரு வருஷத்துக்குள்ள வித்துடணும்னு தேதி போட்டு எழுதிக்கிட்டா மட்டும் சரி. எதுவுமே ஒத்துவரலைன்னா பாகப்பிரிவினை வழக்குதான், ஃபிளாட்டை ரெண்டா வெட்ட முடியாதுங்கறதால கடைசியில கோர்ட்டும் விக்கத்தான் சொல்லும், அதுக்கு வருஷக்கணக்குல ஆகும், அத்தனை வருஷமும் இ.எம்.ஐ. ஓடும்.

எப்போ எழுதறதுங்கறதுல லட்சக்கணக்குல வித்தியாசம்

இது பலருக்குத் தெரியாம டைவர்ஸ் தீர்ப்பு கைக்கு வந்த அப்புறம் ஓடி வருவாங்க. தமிழ்நாட்டுல கணவன் மனைவி மாதிரி குடும்பத்துக்குள்ள எழுதற விடுதலை, செட்டில்மென்ட் பத்திரங்களுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதுவும் அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில ஏத்தினதுக்கு அப்புறம் உள்ள கணக்கு இது. டைவர்ஸ் ஆயிட்டா நீங்க ரெண்டு பேரும் குடும்பம் கிடையாது, அப்போ 7 சதவீதம், பதிவுக் கட்டணம் வேற. பாதி பாகத்தோட வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வச்சிருக்கற விலை) 30 லட்சம்னு வச்சுக்கோங்க, முத்திரைத்தீர்வை மட்டும் இப்போ 30,000, தீர்ப்புக்கு அப்புறம் 2,10,000.

வருமான வரியிலயும் அப்படித்தான். கணவன் மனைவிக்குள்ள குடுக்கற பரிசுக்கு வரி இல்ல, டைவர்ஸுக்கு அப்புறம் அந்த உறவு சட்டத்துல இல்ல. மனைவிக்கு எழுதி வச்ச சொத்தோட வருமானத்தை கணவர் கணக்குல சேர்க்கற விதி ஒண்ணு இருக்கு, ஆனா பிரிஞ்சு வாழற ஒப்பந்தத்தை ஒட்டி எழுதினா அந்த விதி வராது. அதனால பத்திரத்துல அந்த ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்க.

உங்க கேஸ்ல நேரம் சரியா இருக்கு. ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்தாச்சு, இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவுல மியூச்சுவல் டைவர்ஸ் மனு போடலாம். இதுல கோர்ட் முன்னாடி ரெண்டு தடவை சம்மதம் சொல்லணும், அதைத்தான் முதல் மோஷன், ரெண்டாவது மோஷன்னு சொல்றோம். முதல் மோஷனுக்கும் ரெண்டாவது மோஷனுக்கும் நடுவுல ஆறு மாசம் இருக்கும், 2017ல அமர்தீப் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் தகுந்த காரணம் இருந்தா அதைத் தள்ளுபடி பண்ணலாம்னு சொல்லியிருக்கு, ஆனா நீங்க அவசரப்பட வேண்டாம். அந்த ஆறு மாசத்துலதான் பேங்க் வேலையும் பத்திர வேலையும் முடியணும், இன்னும் நீங்க சட்டப்படி கணவன் மனைவிதான். ரெண்டாவது மோஷன் வரைக்கும் யாரு வேணாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம்ங்கறதால, ஒருத்தருக்கு ஒருத்தர் குடுக்க வேண்டிய கடைசித் தவணைப் பணத்தை டி.டி.யா எடுத்து ரெண்டாவது மோஷன் அன்னிக்கு கோர்ட்லயே கைமாத்தற மாதிரி ஒப்பந்தத்துல எழுதிக்கோங்க. எந்த வகைப் பத்திரம் போடறதுங்கறதை முன்கூட்டியே சார்பதிவாளர் ஆபீஸ்ல டிராஃப்ட்டைக் காட்டி கேட்டுக்கோங்க. கிறிஸ்தவத் திருமணமாவோ ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்லயோ பதிவு பண்ணினவங்களுக்கு டைவர்ஸ் பிரிவு மாறும், பேங்க், பத்திரம் சம்பந்தமா நான் சொன்னது மாறாது.

ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியும் அன்னிக்கும்

பேச்சுவார்த்தைக்குப் போங்க. போகாம இருந்தா பிடிவாதம்னு பேர் வரும். ஆனா அன்னிக்கு எந்தத் தாள்லயும் கையெழுத்து வேண்டாம், வெள்ளைத்தாள்ல "ஒத்துக்கிட்டோம்"னு எழுதறது கூட வேண்டாம். மாமியார், பெரியப்பா யாரு கேட்டாலும் "எனக்கு சம்மதம்தான், பேங்க்ல கேட்டுட்டு வக்கீல்கிட்ட காட்டிட்டுப் போடறேன்"னு மட்டும் சொல்லுங்க. அன்னிக்குப் பேசி முடிக்க வேண்டியது ரெண்டே விஷயம்: வீட்டை யாரு எடுத்துக்கறது இல்ல விக்கறதா, அது முடியற வரைக்கும் இ.எம்.ஐ.யை யாரு எவ்வளவு கட்டறது. நகை, பாத்திரம், யாரு முதல்ல சண்டை போட்டாங்கங்கறது எல்லாம் அன்னிக்கு வேண்டாம்.

அதுக்கு முன்னாடி சில வேலை இருக்கு. பேங்குக்கு ஒரு கடிதம் எழுதி ஒப்புகை வாங்குங்க: என் கையெழுத்து இல்லாம இந்த லோன்ல டாப்-அப் (இதே வீட்டு மேல கூடுதல் கடன்) குடுக்கக்கூடாது, எல்லா நோட்டீஸும் என் இமெயிலுக்கும் வரணும்னு. உங்க லோன் ஓவர்டிராஃப்ட் வகையா இருந்து அதுல உபரியா பணம் போட்டு வச்சிருந்தா யாரு எடுக்கலாம்னு உடனே பாருங்க. இ.எம்.ஐ. ஜாயின்ட் அக்கவுன்ட்ல இருந்து போகுதுன்னா உங்க சம்பள அக்கவுன்ட்டுக்கு மாத்துங்க, அப்போதான் யாரு கட்டினதுன்னு கேள்வியே வராது. வீடு வாங்கினப்போ கணவருக்கு பவர் எழுதிக் குடுத்திருந்தா அதை ரத்து பண்ணிப் பதியுங்க. பதிவுத்துறை இணையதளத்துல வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்க, உங்க கிரயமும் பேங்கோட எம்.ஓ.டி.யும் (பத்திரத்தை பேங்க்ல அடமானமா வச்சதுக்கான பதிவு) தவிர வேற பதிவு எதுவும் இருக்கக்கூடாது. கணவருக்கு ஒரு இமெயில் போடுங்க, திட்டாம, அஞ்சு மாசத் தேதியும் தொகையும் போட்டு "உங்க பங்கு இவ்வளவு பாக்கி, அனுப்பிடுங்க"ன்னு ரெண்டு வரி. பதில் வரலைன்னாலும் அது உங்களுக்கு ஆவணம்.

லோனை முழுசா அடைக்கற வழிக்குப் போனீங்கன்னா, அடைச்சதோட நிக்காம பேங்க்கை வரவழைச்சு சார்பதிவாளர் ஆபீஸ்ல ரசீது பத்திரம் பதிஞ்சு எம்.ஓ.டி.யை நீக்கணும், இல்லைன்னா வில்லங்கத்துல அது அப்படியே நிக்கும். ஒரிஜினல் பத்திரத்தை 30 நாளுக்குள்ள பேங்க் திருப்பித் தரணும், அவங்க பக்கத்துத் தாமதம்னா நாளுக்கு 5,000 ரூபாய் தரணும்னு ரிசர்வ் பேங்க் 2023ல சொல்லியிருக்கு. ரெண்டு பேர் பேர்ல இருக்கற பத்திரங்கறதால யாரு கையில குடுக்கறதுன்னு பேங்க்ல முன்கூட்டியே எழுத்துல சொல்லிடுங்க.

வக்கீல் ஃபீஸ் கட்டற நிலைமையில இல்லைன்னு தயங்கித் தயங்கி எழுதியிருக்கீங்க. 1987ம் வருஷ சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 78,000 சம்பளம் வாங்கறவங்களுக்கு கிடைக்காதுன்னு யாரும் சொல்ல முடியாது. 15100க்கு போன் பண்ணுங்க, இல்ல கோர்ட் வளாகத்துல இருக்கற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேர்லயே போங்க. போறப்போ கிரயப் பத்திர நகல், லோன் சாங்ஷன் லெட்டர், கடைசி ஒரு வருஷ லோன் ஸ்டேட்மென்ட், அந்த மூணு பக்க டிராஃப்ட்டோட பிரிண்ட் அவுட், நாலையும் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போங்க.